அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை: வாய்ப்பைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் போட்டி மிகுந்த கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கவுள்ள மாணவரின் விவரங்களை ஒரு பக்கத்தில் திரட்டி, “இவருக்கு இடம் கிடைக்குமா?” என்று கேட்பது பெற்றோர்களிடையே வழக்கமாகிவிட்டது. ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி) இவ்வளவு, எஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) இவ்வளவு, ஏபி பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) இத்தனை, ரோபோட்டிக்ஸ் குழு, இரண்டு கோடைகாலப் பயிற்சிகள் என்று பட்டியல் நீளும். கேட்கப்பட்டவரும் பெரும்பாலும் தயங்காமல் ஒரு விழுக்காட்டைச் சொல்லிவிடுகிறார். அப்படிச் சொல்லப்படும் எண்கள் பொய்த்துப்போவதற்கு முதற்காரணம், மாணவரை எந்தக் கூட்டத்தோடு ஒப்பிட வேண்டுமோ அதை விட்டுவிட்டு, கையில் அகப்பட்ட வேறொரு கூட்டத்தோடு ஒப்பிடுவதுதான்.

மதிப்பெண் வரம்பைப் படிக்கும் முறையில் இந்தத் தவறு பளிச்சென்று தெரியும். பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் ‘காமன் டேட்டா செட்’ என்னும் ஆவணத்தை வெளியிடுகின்றன. அதன் சி9 பகுதியில் எஸ்ஏடி மதிப்பெண்ணின் 25ஆவது, 75ஆவது சதமானங்கள் தரப்பட்டிருக்கும். ஒரு கல்லூரியில் அவை 1500, 1560 என்று இருப்பதாகக் கொள்வோம். 1560 பெற்ற மாணவரின் வீட்டில், முக்கால்வாசிப் பேரைத் தாண்டிவிட்டோம், எனவே வாய்ப்பும் முக்கால்வாசி உண்டு என்ற எண்ணம் எழுந்துவிடுகிறது. ஆனால் அந்த எண்கள் அங்கே சேர்ந்து படிக்கத் தொடங்கியவர்களைப் பற்றியவை. விண்ணப்பித்தவர்களைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. சேர்ந்தவர்களில் கால்வாசிப் பேர் 1560 அல்லது அதற்கு மேல் பெற்றிருந்தார்கள் என்பதை வைத்துக்கொண்டு, 1560 பெற்று விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேர் தேர்வானார்கள் என்பதைக் கண்டறிய வழியே இல்லை.

இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பதை ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு வெளிச்சமிட்டுக் காட்டியது. 2018இல் பாஸ்டனில் நடந்த விசாரணையில் வெளிவந்த தகவல்களின்படி, 2019இல் பட்டம் பெறவிருந்த அணிக்கு விண்ணப்பித்த உள்நாட்டு மாணவர்களில் 8,000க்கும் மேற்பட்டோர் முழுமையான ஜிபிஏ வைத்திருந்தார்கள். எஸ்ஏடி மொழிப் பகுதியில் முழு மதிப்பெண் பெற்றவர்கள் மட்டுமே ஏறத்தாழ 2,700 பேர். முதலாண்டில் இருக்கும் இடங்களோ 1,600 அளவுதான். முழு மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தினாலே இடங்கள் பல மடங்கு போதாமல் போகும் இடத்தில், மதிப்பெண்ணை உள்ளே நுழைய உதவும் தகுதியாகக் கருதலாமே தவிர, முடிவைச் சொல்லும் அளவுகோலாகக் கருத முடியாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேர்வு மதிப்பெண் கட்டாயமில்லாத கல்லூரிகளில், மதிப்பெண்ணைச் சமர்ப்பித்தவர்களின் கணக்கு மட்டுமே சி9 பகுதியில் இடம்பெறும். குறைவாகப் பெற்றவர்கள் சமர்ப்பிக்காமல் விட்டுவிடுவதால் அந்த வரம்பு இயல்பை விட உயர்ந்து தோன்றும். எத்தனை விழுக்காட்டினர் சமர்ப்பித்தார்கள் என்பதும் அதே பகுதியில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் வரம்பை மட்டும் எடுத்துப் பேசுவது வீண்.

ஒட்டுமொத்தச் சேர்க்கை விகிதத்தைத் தனியொரு மாணவரின் வாய்ப்பாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. 2028இல் பட்டம் பெறவுள்ள அணிக்கு ஹார்வர்டுக்கு 54,008 பேர் விண்ணப்பித்தார்கள், 1,937 பேர் தேர்வானார்கள்; விகிதம் 3.6 விழுக்காடு. இந்த 3.6 எவருடைய வாய்ப்பும் அன்று. பல்வேறு கூட்டங்களின் வெவ்வேறு விகிதங்கள் கலந்து கிடைத்த சராசரி அது. விளையாட்டுப் பயிற்றுநர்கள் தேர்ந்தெடுத்து அழைக்கும் வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், பல்கலைக்கழகத் தலைமை தனிக் கவனம் செலுத்தும் விண்ணப்பதாரர்கள், ஆசிரியர் மற்றும் பணியாளர்களின் பிள்ளைகள் ஆகிய நான்கு பிரிவினரும் சேர்ந்து விண்ணப்பதாரர்களில் 5 விழுக்காடு அளவே இருந்தும், தேர்வானவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்தார்கள் என்று அதே வழக்கின் ஆவணங்கள் காட்டின. அழைக்கப்பட்ட விளையாட்டு வீரர்களில் தேர்வானோர் 86 விழுக்காடு அளவு. இந்தப் பிரிவுகள் எதிலும் சேராத மாணவருக்கு மிஞ்சும் விகிதம் வெளியிடப்படும் சராசரியை விடக் குறைவு என்பதை விளக்கத் தேவையில்லை.

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. எம்ஐடியில் ஒட்டுமொத்த விகிதம் 4.5 விழுக்காடு அளவில் இருக்கும்போது, வெளிநாட்டு விண்ணப்பதாரர்களின் விகிதம் அதில் பாதிக்கும் குறைவு. நிதி உதவி கேட்பதும் கணக்கை மாற்றும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடின் போன்ற சில கல்லூரிகள் மட்டுமே வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் தேர்வு செய்கின்றன. மற்றவற்றுள் பல, அமெரிக்கக் குடிமக்களுக்கு அந்தச் சலுகையை அளித்தாலும், வெளிநாட்டவர் கேட்கும் உதவித் தொகையின் அளவைத் தேர்வின்போதே கருத்தில் கொள்கின்றன. ஆகவே சென்னையிலிருந்து முழு உதவி கேட்டு விண்ணப்பிக்கும் மாணவருக்கு, நியூ ஜெர்சியில் வசிக்கும் உறவினர் மகளுக்குக் கிடைத்த முடிவை எடுத்துக்காட்டாகச் சொல்வதில் பொருளே இல்லை, இருவரின் மதிப்பெண்களும் ஒன்றாகவே இருந்தாலும்.

பாடப்பிரிவும் அப்படித்தான். இலினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் ஒட்டுமொத்தச் சேர்க்கை விகிதம் 40 விழுக்காட்டை ஒட்டியது; அங்கேயே கணினி அறிவியலுக்கு அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடுகிறது. நம் குடும்பங்களில் பெரும்பாலோர் கேட்பது கணினி அறிவியலைத்தான் என்பதால், பல்கலைக்கழகத்தின் பொது விகிதத்தைப் பார்த்து அதை ‘சேஃப்டி’ (இடம் ஏறத்தாழ உறுதி என்று கருதும் கல்லூரி) பட்டியலில் சேர்ப்பது அடிக்கடி ஏமாற்றத்தில் முடிகிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் வசிப்பிடத்தையும் பார்க்க வேண்டும். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் தன் இடங்களில் 90 விழுக்காட்டை அந்த மாநிலத்தவருக்கே அளிக்கிறது. அவர்களிலும் பெரும்பாலோர் தம் பள்ளியில் முதல் சில விழுக்காட்டுக்குள் வந்ததால் தானாகவே இடம் பெறுகிறவர்கள். இந்த வரம்பு சில ஆண்டுகள் 6 விழுக்காடாக இருந்து, 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து 5 விழுக்காடாகச் சுருங்கியது. அவ்வாறு தானாக இடம் பெற்றவருக்கும் விரும்பிய பாடப்பிரிவு உறுதி இல்லை.

முன்கூட்டியே விண்ணப்பிக்கும் ‘ஏர்லி டிசிஷன்’ முறையைப் பற்றிய நம்பிக்கையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. தேர்வானால் கட்டாயம் சேர வேண்டும் என்ற உறுதிமொழியோடு விண்ணப்பிக்கும் இந்தச் சுற்றில் விகிதம் பல மடங்கு உயர்ந்து தெரிவதால், ஏர்லியில் போட்டால் வாய்ப்பு நான்கு மடங்கு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கற்பனையாக ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 2,500 பேரில் 500 பேர் தேர்வு, அதாவது 20 விழுக்காடு. பொதுச் சுற்றில் 5 விழுக்காடு. அந்த 500 பேரில் 150 பேர் பயிற்றுநரின் ஒப்புதலை முன்பே பெற்றுவிட்ட வீரர்கள் என்றால், அவர்களைக் கழித்தபின் 2,350 பேருக்கு 350 இடங்கள், ஏறத்தாழ 15 விழுக்காடு. முன்னாள் மாணவர் பிள்ளைகள் 300 பேர் விண்ணப்பித்து 100 பேர் தேர்வானார்கள் என்று வைத்து அவர்களையும் கழித்தால், 2,050 பேருக்கு 250 இடங்கள், 12 விழுக்காடு. இருபது பன்னிரண்டாகிவிட்டது. பொதுச் சுற்றை விட அது இன்னும் மேல்தான், எனவே ஏர்லி டிசிஷன் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான்கு மடங்கு என்ற கணக்கை நம்பி, விருப்பமில்லாத கல்லூரிக்கோ கட்டணம் கட்ட இயலாத கல்லூரிக்கோ கையெழுத்திடுவது பெரும்பிழை.

இதைவிட நுட்பமான கணக்குப் பிழை ஒன்று உண்டு. கணிதம் அறிந்த பெற்றோர்களே இதில் அதிகம் விழுகிறார்கள் என்பது என் எண்ணம். ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் காமன் ஆப் தளத்தின் வழியாக 20 கல்லூரிகள் வரை விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றிலும் வாய்ப்பு 5 விழுக்காடு என்றால், இருபதும் கைவிடும் வாய்ப்பு 36 விழுக்காடு, ஆகவே ஒன்றிலாவது கிடைக்கும் வாய்ப்பு 64 விழுக்காடு என்று நிகழ்தகவுப் பாடத்தின்படி கணக்கிட்டு நிம்மதி அடைகிறார்கள். பெருக்கலில் பிழை இல்லை. இருபது முடிவுகளும் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானத்தில்தான் பிழை. இருபது கல்லூரிகளும் படிப்பது அதே மதிப்பெண் பட்டியலை, அதே 650 சொல் கட்டுரையை, அதே ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களை. கட்டுரை சப்பென்று இருந்தால் அது இருபது மேசைகளிலும் சப்பென்றே இருக்கும். ஆசிரியர் கடமைக்கு எழுதிக் கொடுத்த கடிதம் இருபது இடங்களிலும் அதே குரலில்தான் பேசும். முடிவுகள் இப்படிச் சேர்ந்தே ஏறி இறங்குவதால், ஒரு மாணவர் நான்கைந்து இடங்களில் தேர்வாவதும், தாளில் அவருக்கு நிகரான இன்னொருவர் எல்லா இடங்களிலும் நிராகரிக்கப்படுவதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. கடினமான கல்லூரிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது ஓரளவுக்கு மேல் பாதுகாப்பைக் கூட்டாது. மேலும், ஒவ்வொரு கல்லூரியும் கேட்கும் துணைக் கட்டுரைகளின் தரம், எண்ணிக்கை பெருகப் பெருகக் குறைந்துகொண்டே போகும்.

ஜிபிஏவைப் பள்ளியிலிருந்து பிரித்துப் பார்ப்பதும் தவறே. விண்ணப்பத்தோடு பள்ளி ஆலோசகர் அனுப்பும் ‘ஸ்கூல் ப்ரொஃபைல்’ என்ற தாளில், அந்தப் பள்ளி எத்தனை ஏபி பாடங்களை நடத்துகிறது, மதிப்பெண்கள் எப்படிப் பரவியுள்ளன, முந்தைய மாணவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்ற விவரங்கள் இருக்கும். ஆறு ஏபி பாடங்களே உள்ள பள்ளியில் ஐந்தைப் படித்தவரும், இருபத்தைந்து உள்ள பள்ளியில் ஐந்தைப் படித்தவரும் வாசிப்பவரின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியமாட்டார்கள். டார்ட்மத் 2024 பிப்ரவரியில் எஸ்ஏடியை மீண்டும் கட்டாயமாக்கியபோது சொன்ன காரணமும் இதைச் சார்ந்ததே: வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த மாணவர்கள், தங்கள் சூழலில் உயர்ந்ததாகவே கருதப்பட்டிருக்கக்கூடிய மதிப்பெண்களைக் குறைவென்று நினைத்து மறைத்து, தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்டார்கள் என்பதை அதன் ஆய்வு கண்டது.

பாடம் சாராத செயல்பாடுகளை எண்ணிக்கையால் அளப்பவர்களும் உண்டு. காமன் ஆப்பில் அதற்குப் பத்து இடங்கள், ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் 150 எழுத்துகள். பத்தும் நிரம்பியிருப்பதால் எதுவும் உறுதியாவதில்லை.

பழைய தரவை வைத்துக் கணிப்பது இப்போது முன்னெப்போதையும் விட ஆபத்தானது, ஏனெனில் விதிகளே சில ஆண்டுகளுக்குள் பலமுறை மாறிவிட்டன. 2020க்குப் பின் பெரும்பாலான கல்லூரிகள் மதிப்பெண் கட்டாயத்தை நீக்கின. எம்ஐடி 2022இலும், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் ஆகியவை 2024இலும் அதைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தன. கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களோ மதிப்பெண்ணை அனுப்பினாலும் தேர்வுக்குப் பார்ப்பதில்லை. 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான சேர்க்கை முறைகளைச் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. 2024இல் கலிபோர்னியா, தன் மாநிலத் தனியார் கல்லூரிகளில் முன்னாள் மாணவர் பிள்ளைகளுக்கான முன்னுரிமையைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. இத்தனைக்கும் பிறகு 2021இல் தேர்வான அண்ணனின் மதிப்பெண்ணை வைத்துத் தங்கையின் வாய்ப்பைக் கணிப்பது பொருந்தாது. பள்ளிகள் பயன்படுத்தும் நாவியன்ஸ் என்னும் தளத்தில், முந்தைய மாணவர்களின் மதிப்பெண்களையும் முடிவுகளையும் காட்டும் புள்ளிப் படத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: புள்ளிகள் மிகச் சில, பல ஆண்டுகளைக் கலந்தவை, எந்தப் புள்ளி விளையாட்டு வீரருடையது என்பதைச் சொல்லாதவை.

தகுதி மிகுந்தவரைக் கல்லூரி வேண்டுமென்றே ஒதுக்குகிறது, அவர் எப்படியும் வரமாட்டார் என்று கருதுகிறது என்ற விளக்கமும் அடிக்கடி காதில் விழுகிறது. மாணவர் காட்டும் ஆர்வத்தைக் கணக்கில் கொள்ளும் கல்லூரிகள் உண்டு. கொள்கிறதா இல்லையா என்பதைக் காமன் டேட்டா செட்டின் சி7 பகுதியே சொல்லிவிடும். அதைப் பார்க்காமல், நிராகரிப்பு ஒவ்வொன்றுக்கும் இந்தக் காரணத்தைப் பூசுவது ஆறுதலுக்கு உதவலாம், கணிப்புக்கு உதவாது.

அப்படியானால் எப்படித்தான் கணிப்பது? துல்லியமான விழுக்காட்டைக் கைவிட்டு, அகலமான மூன்று நான்கு படிகளில் நிறுத்திக்கொள்வது போதுமானது. ஒட்டுமொத்த விகிதம் 15 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள கல்லூரியை, மாணவர் எவ்வளவு சிறந்தவராயினும், ‘ரீச்’ (கிடைப்பது அரிது) என்றே கொள்ளலாம். ‘டார்கெட்’ (கிடைக்க நல்ல வாய்ப்புள்ளது) என்று எழுதிவைக்கக் காரணம் எதுவும் இல்லை. சேஃப்டி என்று எழுதப்படும் கல்லூரி மூன்று கேள்விகளுக்கு விடை தர வேண்டும்: விரும்பிய பாடப்பிரிவில் இடம் ஏறத்தாழ உறுதியா, உதவித் தொகை எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் கட்டணம் கட்ட முடியுமா, அங்கே சேர மாணவர் மனமொப்புவாரா. மூன்றாவது கேள்வியைப் பெற்றோர் கேட்பதே அரிது.

கணிப்பை இடையில் திருத்தவும் வேண்டும். ஏர்லி முடிவுகள் டிசம்பர் நடுப்பகுதியில் வருகின்றன. பொதுச் சுற்றுக்கான கடைசி நாள் பல தனியார் கல்லூரிகளில் ஜனவரி முதல் வாரம். நிராகரிப்போ ஒத்திவைப்போ வந்தால், பட்டியலின் நடுப்பகுதியை வலுப்படுத்தக் கிடைப்பது அந்த இரண்டு மூன்று வாரங்களே. ஆனால் கலிபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களின் கெடு நவம்பர் இறுதியையொட்டியே முடிந்துவிடும் என்பதால், அவற்றுக்கான விண்ணப்பங்களை ஏர்லி முடிவுக்குக் காத்திராமல் முன்பே அனுப்பி முடித்திருக்க வேண்டும்.