ஹிண்டெமித்தின் இரண்டாம் ஆர்கன் சொனாட்டா: வலது கால் எங்கே இருக்க வேண்டும்?

ஜெர்மன் இசையமைப்பாளர் பால் ஹிண்டெமித் 1937-இல் எழுதிய இரண்டு ஆர்கன் சொனாட்டாக்களில் இரண்டாவது சின்னது. மூன்றே பகுதிகள், நோட்டைப் பார்த்தால் பயமும் வராது. சுரம் தப்புவதும் தாளம் பிசகுவதும் வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும். வாசிக்க வாசிக்க ஊறிப்போகிற தவறுகள்தான் ஆபத்து.

ஸ்வெல் பெடலில் காலை வைத்துப் பழகுவது

நோட்டில் பியானோ (மென்மை), மெட்ஸோ ஃபோர்ட்டே (நடுத்தரம்), ஃபோர்ட்டே (உரப்பு) என்று ஒலி அளவுதான் இருக்கும். எந்த ஸ்டாப் (ஒரு குழாய் வரிசையை ஒலிக்க வைக்கும் விசை) என்று இருக்காது. உடனே புதியவர்களின் வலது கால், பெடல் கட்டைகளுக்கு மேலே இருந்து ஒலியைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் ஸ்வெல் பெடலுக்குப் போய்விடுகிறது. ஒலி ஏற்ற இறக்கத்தைக் கூட்டிக்கொள்ள ஹிண்டெமித்தே முன்குறிப்பில் இடம் கொடுத்திருக்கிறார் என்பது உண்மை. அது தேர்ந்தவர்களுக்கான சலுகை, ஆரம்பப் பாடம் அல்ல.

வலது கால் மேலே போனதும், கால்கள் வாசிக்க வேண்டிய பெடல் வரி முழுவதும் இடது காலின் தலையில் விழுகிறது. தாவல்கள் அறுகின்றன; இரண்டு கால்களும் மாறி மாறி எடுக்க வேண்டிய சுரங்களை ஒரே கால் விரல்நுனியிலும் குதிகாலிலும் இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு மாதம் இப்படிப் பழகிவிட்டு ஸ்வெல்லை விட்டால், கால் குறிகளை முதல் பாரிலிருந்து புதிதாக எழுத வேண்டும். அந்த இரண்டு மாதமும் வீண். தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம் என்பதால்தான் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எரிச்சல் வருகிறது.

இசைக்கும் இது கெடுதல். முதல் பகுதி பழைய பரோக் கன்சர்ட்டோ போல: பெருங்குழு ஒரு பக்கம், சிறுகுழு ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே படி தெரிய வேண்டும். ஸ்வெல் அந்தப் படியைச் சரிவாக்கிவிடும்.

செய்ய வேண்டியது: முதல் மேனுவலில் (கையால் வாசிக்கும் கட்டை வரிசை) ஆர்கனின் அடிப்படை ஒலியான பிரின்சிபல் 8, 4, 2 அடி; அடி என்பது குழாயின் நீளம், எண் பெருத்தால் சுருதி தாழும். இரண்டாவதில் மென்மையான ஸ்டாப்களான 8 அடி கெடாக்ட்டும் 4 அடி புளூட்டும். பெடலில் 16, 8 அடி. ஃபோர்ட்டேக்கும் பியானோவுக்கும் கைதான் இடம் மாற வேண்டும், ஸ்டாப் அல்ல. சொற்றொடரின் கடைசிச் சுரத்தை முழு அளவு பிடித்துவிட்டு எடுங்கள்.

கப்ளரை மறப்பது

ஃபோர்ட்டேக்காக முதல் மேனுவலைக் கப்ளர் என்ற இணைப்பு விசையால் பெடலோடு இணைத்திருந்தால், கை இரண்டாம் மேனுவலுக்குப் போன பிறகும் பெடல் உரக்கவே ஒலிக்கும். இரண்டு அமைப்பையும் தனித்தனிப் பிஸ்டனில் (ஸ்டாப் அமைப்பை நினைவில் வைத்து ஒரே அழுத்தில் மாற்றும் பொத்தான்) ஏற்றி வையுங்கள். பிஸ்டன் இல்லாத ஆர்கனில் கப்ளரை விட்டுவிட்டு, பெடலிலேயே 4 அடி ஒன்றைச் சேர்ப்பது மேல்.

மிக்ஸ்சரைக் கேட்காமல் சேர்ப்பது

மிக்ஸ்சர் என்ற ஸ்டாப் ஒவ்வொரு சுரத்தின் மேலும் ஐந்தாம் இடைவெளியை (ச-ப போன்ற சுர தூரம்) ஏற்றுகிறது. நான்காம், ஐந்தாம் இடைவெளிகளை அடுக்கியே கட்டிய இந்த இசையில் உள் குரல்கள் அதில் கலங்கிப்போகும். ஒருவரை வாசிக்கவிட்டு, கூடத்தின் நடுவில் நின்று கேட்டுப் பாருங்கள். நடுக் குரல் பிரிந்து கேட்கவில்லையென்றால் மிக்ஸ்சரை மூடிவிடுங்கள்.

மேனுவலில் 16 அடி

வேண்டாம்.

கடைசி ஃபியூகைக் கனமாக்குவது

ஃபியூக் என்றால் ஒரே கருப்பொருளோடு குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும் இசை. இதன் தலைப்பிலேயே 'ஹைட்டர்' என்றிருக்கிறது: மகிழ்ச்சியாக. குரல் நுழையும் இடத்திலெல்லாம் ஸ்டாப் கூட்டாதீர்கள். நுழைவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி விட்டாலே குரல் தெரியும்.