'அப்படியே தாத்தா ரத்தம்' என்று சொல்லும் முன்

என் மகன் கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துவான். "அப்படியே தாத்தா ரத்தம்" என்பார்கள் வீட்டில். நானும் நம்பினேன், ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கும் வரை.

நீங்களும் பாருங்கள். பிள்ளையின் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், போதும். 2 வாரம், அது நடக்கும்போதெல்லாம் நேரம், முந்தைய இரவுத் தூக்கம், பக்கத்தில் யார், சற்று முன் என்ன நடந்தது என்று குறித்து வையுங்கள். என் நோட்டில் 11 கதவு அறைதல். அதில் 8, தூக்கம் கெட்ட மறுநாள். 3 முறை, அதற்கு முன் கத்தியது நான். (அதை எழுதத்தான் கை வரவில்லை.)

சரி, மரபணுவுக்குப் பங்கே இல்லையா? உண்டு. சட்டென்று சூடாகும் சுபாவம் ஓரளவு பிறவியிலேயே வருவதுதான். ஆனால் 'உயரத்தில் சுமார் 80 சதவீதம் மரபு' என்று படித்தால், அது உங்கள் பிள்ளையைப் பற்றிய கணக்கல்ல. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் மரபணுக்களின் பங்கு அது. சூழல் மாறினால் அந்த எண்ணும் மாறும்.

பிறவிக் குணம் மாறாது என்று கையை விரிக்கவும் வேண்டாம். பீனைல்கீட்டோனூரியா முழுக்க மரபணுக் கோளாறு. கவனிக்காவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும். பிறந்த சில நாளில் குதிகாலில் ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, பீனைல்அலனின் (புரத உணவில் இருக்கும் ஒரு பொருள்; இந்தக் குழந்தைகளின் உடலால் அதைச் சரியாகச் சிதைக்க முடியாது) குறைந்த உணவைத் தொடர்ந்து கொடுத்தால் குழந்தை நன்றாக வளர்கிறது. மரபணு என்னவோ அதேதான்.

அப்புறம், நாங்கள் படுக்கும் நேரத்தை முக்கால் மணி முன்னதாக்கினோம். கதவு இன்னும் அடிக்கிறது, வாரத்துக்கு ஒருமுறை.