பிரெஞ்சுக் கிராமத்தில் நாடகம் பார்க்கச் செல்வோருக்கு

பிரான்சின் கிராமங்களில் உள்ளூர் மக்களே நடிக்கும் நாடகங்கள் ‘சால் தே ஃபெத்’ எனப்படும் ஊர்ப் பொதுமண்டபத்தில் மாலை வேளைகளில் நடைபெறுவதுண்டு. அறிவிப்பு பெரும்பாலும் ரொட்டிக்கடைக் கண்ணாடியிலேயே ஒட்டப்படுவதால், அங்கே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நுழைவுச் சீட்டுக்கும், இடைவேளையில் விற்கப்படும் வீட்டுக் கேக்குக்கும் சில்லறை யூரோக்களைக் கையில் வைத்திருங்கள். பல குழுக்கள் 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இலாப நோக்கற்ற சங்கங்கள் என்பதால், தாராளமாகவே வாங்கலாம் என்பேன். திரைக்குப் பின்னால் தடியால் மூன்று முறை தட்டும் ஓசை கேட்டால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். நடிகர்களுள் எவரேனும் தெரிந்தவராக இருந்தால், நாடகத்துக்கு முன்பு ‘நல்லதிர்ஷ்டம்’ எனப் பொருள்படும் ‘போன் ஷான்ஸ்’ என்று வாழ்த்தாதீர்கள். மேடைக் கலைஞர்கள் அதை அபசகுனமாகக் கருதுவதால், வழக்கமாக வசைச்சொல்லாகிய ‘மெர்த்’ என்பதே அங்கே வாழ்த்தாகிறது, அதற்கு நன்றி கூறும் வழக்கமும் இல்லை.