மீன் மூச்சு வாங்கினால் புதுப் பம்ப் வாங்க ஓடாதீர்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஃபிளாற்றுகளில் புதிதாக மீன்தொட்டி வைக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. என்ன செய்யிறது?" நாங்கள் எல்லாரும் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகள். அளவுக்கு மிஞ்சித் தீன் போடுவது, சின்னத் தொட்டியில் இருபது மீனை அடைப்பது பற்றி எழுதப்போவதில்லை, அவை எல்லாருக்கும் தெரியும். மீன் மூச்சுவிடும் விதம் விளங்காததால் வரும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

குமிழியை நம்புவது

ஒரு லீற்றர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலீற்றர் ஒட்சிசன் இருக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீரில் ஐந்தாறு மில்லிலீற்றர் கிடைத்தாலே பெரிது. தண்ணீர் சூடேறினால் அதுவும் குறையும்: 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் கரைந்தால், கொழும்பு வெக்கையின் 30 பாகையில் ஏழரைதான். அதே சூட்டில் மீனுக்கு ஒட்சிசன் தேவை கூடவும் செய்கிறது.

குமிழிக்குள் இருந்து தண்ணீருக்குள் போவது கொஞ்சம்தான். குமிழி மேலே வந்து தண்ணீரின் மேற்பரப்பைக் கலக்குகிறதே, பெரும்பகுதி ஒட்சிசன் அங்கேதான் கரைகிறது. ஆகவே ஃபில்டரின் வாயை அடியில் புதைக்காமல், மேற்பரப்பு நன்றாக அலையும்படி திருப்பி வையுங்கள்.

ஃபில்டர் ஸ்பொஞ்சைப் பைப்பில் கழுவுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். ஸ்பொஞ் அழுக்காகத் தெரிந்ததும் கழற்றிக்கொண்டுபோய், குளியலறைப் பைப்பைத் திறந்து, நிறம் போகும்வரை பிழிந்து கழுவுகிறார்கள். அதோடு தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றிவிடுகிறார்கள். அன்றைக்குத் தொட்டி பளிச்சென்று இருக்கும். ஒரு கிழமை, இரண்டு கிழமை போனதும் மீன்கள் மேலே வந்து தவிக்கும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு தம்பியின் வீட்டுக்குப் போனபோது மூன்று பம்ப் ஓடிக்கொண்டிருந்தன. மீன் தவிக்கத் தவிக்க ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டிருக்கிறார். தொட்டி முழுக்கக் குமிழி, அப்படியும் ஏஞ்சல் மீன்கள் மேற்பரப்பை விட்டு அசையவில்லை. அப்போதுதான் செத்திருந்த ஒன்றின் பூமூடியை (பூ என்றால் மீன் மூச்சுவிடும் செவுள்) விரலால் தூக்கிப் பார்த்தேன். சந்தையில் மீன் வாங்கும்போது பூ சிவப்பா என்று பார்க்கிறோமே, அந்தச் சிவப்பு அதில் இல்லை. சொக்லேற் நிறத்தில் இருந்தது. "போன கிழமை ஃபில்டரைக் கழுவினீரோ?" என்று கேட்டேன். "ஓம் அண்ணா, நல்லாக் கழுவினனான்" என்றார்.

ஸ்பொஞ்சில் அழுக்காகத் தெரிகிற அந்தப் பழுப்பில்தான் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. மீன் தன் பூக்கள் வழியாகவே வெளியேற்றும் அமோனியாவை அவை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அம்பத்தலையில் இருந்து வந்தாலும் லபுகமவில் இருந்து வந்தாலும் கொழும்புக் குழாய்த் தண்ணீரில் குளோரீன் உண்டு. நாங்கள் குடிக்க அது கட்டாயம் வேண்டும். அந்தப் பற்றீரியாக்களை அதுவே கொன்றுவிடும். திரும்பப் பெருக வாரக்கணக்காகும். அதற்குள் அமோனியா ஏறும், பின்னால் நைத்திரைற்றும் ஏறும்.

மீனின் பூவில் தண்ணீர் ஒரு திசையிலும் இரத்தம் எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. அதனால் கடந்து போகும் தண்ணீரில் இருக்கும் ஒட்சிசனில் 80 வீதம் வரைகூட அது பிடித்துவிடும். ஆனால் பிடித்ததைச் சுமக்க ஈமோகுளோபின் வேண்டும். நைத்திரைற்று பூ வழியாக இரத்தத்துக்குள் போய் அந்த ஈமோகுளோபினை மெதமோகுளோபின் ஆக்கிவிடுகிறது. இது ஒட்சிசனைச் சுமக்காது, இரத்தமும் பழுப்பாகிவிடும். தண்ணீரில் ஒட்சிசன் நிறைய இருக்க, மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. நான்காவது பம்ப் வாங்கினாலும் பயனில்லை.

மருந்து தேடி அலையாமல் உடனே தீனை நிறுத்துங்கள். குளோரீன் நீக்கிய தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள், அடுத்தடுத்த நாளும் மாற்றுங்கள். லீற்றருக்கு 1 கிராம் அளவில் உப்பைக் கரைத்து விடலாம். உப்பில் உள்ள குளோரைட்டு, நைத்திரைற்று பூவுக்குள் நுழைவதைத் தடுக்கும். பம்ப் வாங்கும் காசில் ஒரு நைத்திரைற்று டெஸ்ட் கிட் வாங்கி வையுங்கள். ஸ்பொஞ் கழுவவே வேண்டுமென்றால், தொட்டியில் இருந்து ஒரு வாளி தண்ணீர் எடுத்து அதற்குள் மெதுவாகப் பிழியுங்கள். பழுப்பு மிச்சம் இருக்கட்டும்.

பைப் தண்ணீரை நேரே ஊற்றுவது

பூவின் மென்தட்டுத் தோல் சில மைக்கிரோமீற்றர் தடிப்புத்தான். குளோரீன் பட்டால் அது வீங்கிச் சளி பிடிக்கும், ஒட்சிசன் கடக்க வேண்டிய தூரம் கூடிவிடும். கடைகளில் விற்கும் அன்ரி குளோரீனைக் கலந்துவிட்டே ஊற்றுங்கள்.

பைட்டர் மீனுக்கு விளிம்புவரை நிரப்பி மூடுவது

பைட்டருக்கும் கூராமிக்கும் பூவோடு சேர்த்து, தலைக்குள் காற்றை நேரே உள்வாங்கும் உறுப்பும் இருக்கிறது. அவை மேலே வந்து ஒரு மிடறு காற்று எடுப்பது வழமையானது, பயப்பட வேண்டாம். மூடிக்கும் தண்ணீருக்கும் இடையில் காற்றிடம் விடாவிட்டால்தான் அது மூச்சுமுட்டிச் சாகும்.

கழுத்து ஒடுங்கிய கண்ணாடிக் குடுவை

காற்றுப் படும் மேற்பரப்புக் குறைவு. வாங்காதீர்கள்.

செடி இருக்கிறது என்று இரவில் பம்பை நிறுத்துவது

இருட்டில் செடியும் ஒட்சிசனை எடுக்கத்தான் செய்யும்.

கரண்ட் வந்ததும் ஃபில்டரை அப்படியே போடுவது

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அப்போது பலர் மீனைப் பற்றித்தான் யோசித்தார்கள். கோப்பையால் தண்ணீரை மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றினார்கள், நல்ல வேலை. ஆனால் ஃபில்டருக்குள் இருக்கும் பற்றீரியாவும் ஒட்சிசனில்தான் வாழ்கிறது. மூடிய பெட்டிக்குள் ஓட்டமில்லாமல் நின்றால் சில மணித்தியாலங்களில் அது சாகத் தொடங்கும். கரண்ட் நீளமாகப் போகும் என்று தெரிந்தால் ஸ்பொஞ்சைக் கழற்றித் தொட்டித் தண்ணீருக்குள் போட்டுவிடுங்கள். மறந்துவிட்டால், திரும்பப் போடமுன் ஃபில்டரைத் திறந்து மணந்து பாருங்கள். அழுகிய மணம் வந்தால் உள்ளே நின்ற தண்ணீரைக் கழிவில் ஊற்றிவிட்டு, ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசி, அதற்குப் பிறகு போடுங்கள்.