விளக்கெண்ணெய்க் கண் மை: திரி முதல் சிமிழ் வரை

வீட்டில் கண் மை செய்வது எப்படி என்று யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு மூலிகைப் பட்டியல் வந்து விழும். கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, நந்தியாவட்டைப் பூ, எலுமிச்சைச் சாறு, சந்தனம் என்று நீளும். தட்டை விளக்குக்கு மேலே எவ்வளவு உயரத்தில் கவிழ்ப்பது, கரியில் எத்தனை சொட்டு எண்ணெய் விடுவது என்று கேட்டால் மட்டும் "ஒரு பதமா விடணும்" என்பார்கள். மை அழகாக நிற்பதும், மதியத்துக்குள் ஈஷிக்கொண்டு கன்னத்துக்கு இறங்குவதும் அந்தப் "பதத்தில்"தான் இருக்கிறது. அதனால் அந்த இரண்டு இடத்தில் நின்று நிதானமாகச் சொல்கிறேன். மற்றதெல்லாம் சுருக்கம்தான்.

எண்ணெய்

விளக்கெண்ணெய் வாங்கும்போதே பாதிப் பேர் தவறான பாட்டிலை எடுத்து வருகிறார்கள். பூஜைச் சாமான் வரிசையில் "தீப எண்ணெய்", "பஞ்ச தீப எண்ணெய்" என்று இருப்பவை விளக்கேற்ற மட்டும். பல எண்ணெய்களின் கலவை, வாசனையும் நிறமும் சேர்த்திருப்பார்கள். கண்ணுக்கு அது வேண்டவே வேண்டாம். மரச்செக்குக் கடையில் ஆமணக்கெண்ணெய் என்றே கேட்டு 100 மில்லி வாங்குங்கள், தாராளம். கையில் தொட்டால் தேன்பாகு போலக் கெட்டியாக இழுக்க வேண்டும்.

ஊரில் ஆமணக்கு விதையை வறுத்து இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு மேலே மிதப்பதை வழித்தெடுத்த எண்ணெய் கிடைத்தால் இன்னும் விசேஷம். ஆனால் அதில் ஈரம் தங்கியிருக்கும். ஏற்றினால் விளக்கு படபடவென்று தெறிக்கும். சிறு வாணலியில் குறைந்த தீயில் காய்ச்சி, குமிழி அடங்கியதும் ஆறவிட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள்.

திரி

பழைய வெள்ளை வேட்டித் துணி போதும். கஞ்சி இருந்தால் வெந்நீரில் அலசிப் போக்கிவிடுங்கள். துணி சுத்தப் பருத்தியா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் கலந்தது உருகிக் கருப்பு மணியாகச் சுருளும்; அந்தத் துணி உதவாது.

கரிசலாங்கண்ணி இலையைத் தண்ணீர் விடாமல் இடித்துப் பிழிந்த சாற்றில் துணியை முக்கி, நிழலில் உலர்த்தி, மறுபடி முக்குவார்கள். மூன்று முறை என்பது வழக்கம். வெயிலில் போட வேண்டாம், துணி விறைத்துப்போய்த் திரிக்கும்போது உடையும். முழுக்கக் காய்ந்த பிறகு கைக்கு இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, தொடையில் வைத்து உருட்டித் திரியாக்குங்கள். பென்சிலைவிடத் தடிமன் வேண்டாம்.

கரிசலாங்கண்ணி கிடைக்கவில்லையே என்று இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறவர்கள் நிறைய. நிற்காதீர்கள். தட்டில் படியும் கரியில் பெரும்பங்கு எண்ணெய் எரிந்து வருவது. திரியின் நுனி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கருகுகிறது, அதனால் இலைச்சாற்றின் பங்கு சிறிது. எனக்குக் கீரைக்காரம்மா கொண்டுவந்தால் போடுகிறேன், இல்லாவிட்டால் வெறும் துணித்திரிதான். மையின் கருப்பில் வித்தியாசம் தெரிவதில்லை.

தட்டும் உயரமும்

எனக்குப் பிடித்தது கனமான பழைய பித்தளைத் தாம்பாளம். செம்பும் சரி, எவர்சில்வரும் சரி. நான்-ஸ்டிக் பாத்திரம் கூடாது, மேல்பூச்சு சூட்டில் கெடும். கண்ணாடித் தட்டு விரிசல் விடும். மண் சட்டியில் கரி நன்றாகப் படியும், ஆனால் சுரண்டும்போது மண்ணும் சேர்ந்து வரும். மண் துகள் கண்ணில் போவதற்கா இத்தனை பாடு?

மூன்று செங்கல்லைப் படுக்கப் போட்டு, நடுவில் அகலை வைத்து, மேலே தாம்பாளத்தைக் கவிழ்த்து வையுங்கள். இப்போது கவனிக்க வேண்டியது சுடரின் நுனி. அதன் மேல் கால்வாசி தட்டில் இடித்து மடங்க வேண்டும். சுடரில் மஞ்சளாக ஒளிர்வதே சூடேறிய கரித்துகள்தான். அது எரிந்து முடிவதற்குள் குளிர்ந்த உலோகத்தில் போய் ஒட்டிக்கொண்டால்தான் நமக்கு மை. தட்டு உயரமாக இருந்தால் துகள் முழுக்க எரிந்து போய்விடும். நாலு மணி நேரம் கழித்துப் பார்த்தால் லேசான பழுப்பு வட்டம் மட்டும் இருக்கும். தட்டு தாழ்ந்திருந்தால் காற்று போதாமல் சுடர் குறுகும், சரியாக எரியாத எண்ணெய்ப் புகை பழுப்புப் பிசுக்காகத் தட்டில் அப்பும். அந்தப் பிசுக்கு கலந்த கரியில் எதைச் சேர்த்தாலும் மை கறுக்காது, காறல் நாற்றமும் அடிக்கும்.

அகலின் விளிம்புக்கும் தட்டுக்கும் நடுவே இரண்டு விரலைக் கிடையாக வைத்தால் எவ்வளவோ அவ்வளவு இடைவெளியில் தொடங்குங்கள். சரியில்லை என்றால் தட்டைத் தொடாதீர்கள். அகலுக்கு அடியில் ஓட்டுத்துண்டு ஒன்றைச் சொருகி விளக்கை உயர்த்துங்கள், அல்லது திரியைக் குச்சியால் உள்ளே தள்ளிச் சுடரைச் சிறிதாக்குங்கள். முதல் பத்து நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். தட்டைத் தூக்கினால் உள்ளே வெல்வெட்டுப் பரப்பாக, பளபளப்பே இல்லாத கருப்பு தெரிய வேண்டும். மினுமினுப்பு தெரிந்தால் எண்ணெய்ப் பிசுக்கு சேர்கிறது என்று பொருள். உடனே இடைவெளியைக் கூட்டுங்கள்.

மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சுடர் ஆடினால் கரி தட்டுக்குப் போகாமல் சுவருக்கும் சீலிங்குக்கும் போகும். அதற்காக அறையை மூடிப் போட்டுப் புகைக்குள் உட்காரவும் வேண்டாம். காற்று நேராக அடிக்காத பால்கனி மூலை, கிணற்றடி, மொட்டை மாடித் தலைவாசல் இதெல்லாம் நல்ல இடம். சமையலறையில் சிலிண்டர் பக்கத்தில் வேண்டாம்.

இராத்திரி ஏற்றிவிட்டு விடியக்காலையில் எடுப்பதுதான் பழைய வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்போது வீட்டில் நாலு பேர் புரண்டு படுத்துக்கொண்டே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று எரியும் தீயைத் தனியே விட்டுவிட்டுத் தூங்கப் போவது சரியில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஏற்றினால் பத்து மணிக்குள் ஒருவருக்குத் தேவையான கரி கிடைத்துவிடும். ஒரு மணி நேரத்தில் தட்டு நன்றாகச் சூடேறிப் படிவு குறையும். ஈரத்துணியை இறுகப் பிழிந்து தட்டின் முதுகில் போட்டுவிடுங்கள், படிவு மறுபடி சுறுசுறுப்பாகும். பிழியாமல் போட்டால் தண்ணீர் விளிம்பு வழியாக எண்ணெயில் சொட்டித் தெறிக்கும், ஜாக்கிரதை.

சுரண்டுதல்

விளக்கை அணைத்து, தட்டு முழுக்க ஆறிய பிறகு மெல்லத் திருப்புங்கள். பெருமூச்சு விட்டாலே கரி பறக்கும். வெள்ளைச் சுவர், துவைத்த துணி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. கத்தி, கரண்டி வேண்டாம்; உலோகத்தை உலோகத்தால் சுரண்டினால் களிம்பும் சேர்ந்து வரும். பழைய விசிட்டிங் கார்டுதான் இந்த வேலைக்கு ராஜா. நடுவில் இருக்கும் கறுத்த வட்டத்தை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் தள்ளி எடுங்கள், ஓரத்துப் பழுப்பை விட்டுவிடுங்கள். தாளை மடித்துத் தட்டினால் திரியிலிருந்து விழுந்த கருகல் துணுக்குகள் தனியே உருண்டு வரும், பொறுக்கிப் போடுங்கள்.

எண்ணெய் கலப்பது

முதல் வேலையாகக் கரியில் கால் பங்கை ஒரு தாளில் மடித்துத் தனியே வையுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

மீதிக் கரியை வழவழப்பான சிறு பீங்கான் தட்டில் போட்டு, அதே விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். டிராப்பர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தீக்குச்சி நுனியால் தொட்டு விடலாம். கரி சட்டென்று எண்ணெயை வாங்காது. மேலே மிதந்து, விலகி, போக்குக் காட்டும். இங்கேதான் கை தானாகப் பாட்டிலுக்குப் போகும், போகக் கூடாது. ஸ்பூனின் முதுகால் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருங்கள். உலர்ந்த பொடி முதலில் உதிரியாகும், பிறகு சிறு உருண்டைகளாகத் திரளும், ஐந்து நிமிடம் கழித்துத் திடீரென்று ஒரே பசையாகச் சேரும். சேரவே இல்லை என்றால் மட்டும் இன்னொரு சொட்டு. குவியலாகத் தெரிந்த கரி இப்போது கால்வாசியாகச் சுருங்கியிருக்கும், கலங்க வேண்டாம். சேர்ந்த பிறகும் பத்து நிமிடம் தேய்த்தால்தான் நறநறப்பு போகும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள், மணல் போல எதுவும் தட்டுப்படக் கூடாது.

பதம் பார்க்க: புறங்கையில் ஒரு கோடு இழுத்து, கால் மணி நேரம் விட்டு, டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். கருப்புக் கோட்டைச் சுற்றி எண்ணெய் வளையம் தெரிந்தால் எண்ணெய் அதிகம். எடுத்து வைத்த கால் பங்குக் கரி இதற்குத்தான். அதில் கொஞ்சம் தூவித் திரும்பத் தேய்த்தால் சரியாகிவிடும். கரி மிச்சமில்லை என்றால் மறுபடி விளக்கேற்ற வேண்டியதுதான். மாவு, பவுடர் என்று வேறெதையும் சேர்த்துக் கெட்டிப்படுத்தப் பார்க்காதீர்கள்.

நெய்யா, விளக்கெண்ணெயா என்றால் நான் விளக்கெண்ணெய்க் கட்சி. நெய் மை பூசுவதற்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் சித்திரை வெயிலில் சிமிழுக்குள்ளேயே உருகிக் குளமாகும், சீக்கிரம் காறிப்போகும். தேங்காயெண்ணெய் 24 டிகிரி செல்சியஸிலேயே உருகுகிறது, நம் ஊரில் அது பெரும்பாலும் தண்ணீர்தான்.

குச்சி போலக் கெட்டியாக வேண்டும் என்றால் தேன்மெழுகு சேர்க்கலாம். கால் டீஸ்பூன் விளக்கெண்ணெய்க்கு இரண்டு கடலைப்பருப்பு அளவு மெழுகு. சிறு கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் நீரில் கிண்ணத்தை வைத்தால் உருகும் (தேன்மெழுகின் உருகுநிலை 62–64 டிகிரி). உருகியதைக் கரியில் சொட்டுச் சொட்டாக விட்டு, இறுகும் முன் தேய்த்துச் சிமிழில் வழியுங்கள். மெழுகுவத்தியை உடைத்துப் போடாதீர்கள், அது பெரும்பாலும் பாரஃபின், அதாவது பெட்ரோலிய மெழுகு.

பச்சைக்கற்பூரம் போட்டால் கண் "குளிரும்" என்று சொல்வார்கள். குளிர்ச்சி என்பது எரிச்சலுக்கு வைத்த செல்லப்பெயர். நான் போடுவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் அஞ்சனக்கல், சுர்மா என்று விற்பதைப் பொடித்துச் சேர்ப்பதை அதைவிடக் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். அவை தாதுக்கள், சுர்மாவில் பல சமயம் இருப்பது காரீய சல்ஃபைடு. காரீயம் உடம்பில் சேர்வது, அதுவும் குழந்தைகளுக்கு, மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அமெரிக்காவில் இந்த வகை மையை அழகுசாதன நிறமியாகச் சேர்க்கவே அனுமதி இல்லை.

பூசும்போது

இமையின் உள்விளிம்பில், முடிக்கு உள்பக்கமாக, சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக இருக்கின்றன. கண்ணீர் சீக்கிரம் உலராமல் காப்பது அந்த எண்ணெய்தான். அவற்றின் மேல் தினமும் மையை அப்பினால் அடைத்துக்கொள்ளும். எனவே முடி முளைக்கும் வெளி ஓரத்தில் மெல்லிய கோடாக இழுங்கள். மூக்குப் பக்கத்து மூலையைத் தொடாதீர்கள், கண்ணீர் வடியும் துவாரம் அங்கே இருக்கிறது. விரலால் எடுக்காமல் காது குடையும் பஞ்சுக்குச்சி அல்லது மெல்லிய பிரஷ்ஷால் எடுத்தால் மை நாள்படக் கெடாமல் இருக்கும். பூசியதும் மேலே ஒரு சிட்டிகை முகப்பவுடரைப் பிரஷ்ஷால் தொட்டுவிட்டால் ஈஷுவது பாதி குறையும். இரவில் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம், பஞ்சில் ரெண்டு சொட்டு எண்ணெய் தொட்டு வழித்தால் வந்துவிடும்.

இதில் எதுவும் கெடாமல் காக்கும் மருந்து சேர்க்கவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், வாடை மாறினால் அதற்கு முன்பே தூக்கிப் போட்டுவிடுங்கள். மெட்ராஸ் ஐ வந்துபோனால் சிமிழோடு குப்பைக்கு. அக்கா தங்கையாகவே இருந்தாலும் ஆளுக்கொரு சிமிழ். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு எண்ணெய் மையே ஒத்துவராது, லென்ஸில் படலமாகப் படிந்துவிடும்.

பிறகு சேர்த்தவை

கைக்குழந்தைக்கு வைக்கலாமா என்று கேட்காத ஆளில்லை. கண்ணுக்குள் வேண்டாம். குழந்தை மருத்துவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். திருஷ்டிப் பொட்டுக்கு ஜவ்வரிசிச் சாந்து இருக்கவே இருக்கிறது: இரும்புச் சட்டியில் ஜவ்வரிசியைப் புகைந்து கறுக்கும்வரை வறுத்து, எட்ட நின்று தண்ணீர் விட்டு (குபுக்கென்று ஆவி அடிக்கும்), பாகாக வற்றவிட்டு வடிகட்டி, கொட்டாங்குச்சியில் ஊற்றி வெயிலில் காயவையுங்கள். வேண்டும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் போதும், நெற்றியிலோ கன்னத்திலோ வைக்கலாம்.

வெளிநாட்டு அடுக்குமாடியில் செய்யப் பார்த்த ஒருவர் வீட்டில் புகை அலாரம் அலறிவிட்டது. அங்கே பால்கனி இல்லை என்றால் விளக்கு வழியை விட்டுவிடுங்கள். அலாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தீ மூட்டுவது மைக்காகச் செய்யக்கூடிய காரியமில்லை.

பாதாமைக் கொளுத்திக் கரி எடுக்கலாமா என்றும் கேட்டார்கள். எடுக்கலாம், சுட்ட பாதாமை அப்படியே பொடித்தால் எவ்வளவு தேய்த்தாலும் நறநறக்கும். எரியும் பாதாமுக்கு மேல் தட்டைக் கவிழ்த்துப் படியும் கரியை மட்டும் எடுத்தால் மென்மையாக இருக்கும். நாலு பாதாமுக்குக் கிடைப்பது ஒரு நாள் மைக்குக் கூடக் காணாது.

தாம்பாளத்தில் ஒட்டிய பிசுக்குப் போகவில்லை என்பவர்களுக்கு: முதலில் உலர்ந்த கோதுமை மாவு அல்லது சாம்பலைத் தூவித் துடைத்து எண்ணெயை எடுங்கள், அப்புறம் புளி. நேரே புளியைப் போட்டால் கறுப்புதான் கையெல்லாம் பரவும்.