கோள் நெபுலா படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மார்ச்சில் ஜவ்வாது மலையில் எங்களோடு தங்கிய இரண்டு தம்பிகள், ராத்திரி முழுக்க ஒரே கோள் நெபுலாவை (சாகும் விண்மீன் உதிர்த்த வாயு ஓடு) படமெடுத்தார்கள். விடிகாலையில் லேப்டாப்பைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறு வருடம் முன்பு நான் செய்த அதே தவறு, அதே நெபுலாவில். மூடியைக் கழற்ற மறப்பது, பேட்டரி தீர்ந்துபோவது எல்லாம் முதல் ராத்திரியிலேயே புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சின்ன லென்ஸ் போதும் என்று நினைப்பது

வானில் அகலமாக விரியும் ஓரியன் நெபுலாவை எடுத்த கையோடு இதற்கு வருபவர்கள் அளவில் ஏமாந்துவிடுகிறார்கள். அந்தத் தம்பிகள் எடுத்தது ஹைட்ரா விண்மீன் குழுவில் உள்ள என்ஜிசி 3242 (என்ஜிசி என்பது வான்பொருள் பட்டியல் ஒன்றின் பெயர்). 1785-ல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் கண்டது. 'வியாழனின் ஆவி' என்று பட்டப்பெயர். அதன் பிரகாசமான பகுதி சுமார் 40 ஆர்க் செகண்ட் (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்குதான் ஆர்க் செகண்ட்), கிட்டத்தட்ட வியாழன் தெரியும் அளவு. 3.76 மைக்ரான் பிக்ஸல் உள்ள கேமராவில், 200 மி.மீ. லென்ஸ் போட்டால் அது பத்துப் பிக்ஸல்தான். 1000 மி.மீ. தொலைநோக்கியில் ஐம்பது. மைக்ரானில் உள்ள பிக்ஸல் அளவை 206-ஆல் பெருக்கி, மி.மீ.-ல் உள்ள குவியத் தூரத்தால் வகுங்கள். ஒரு பிக்ஸலுக்கு எத்தனை ஆர்க் செகண்ட் என்று வந்துவிடும்.

நடுப்பகுதியை எரித்துவிடுவது

இதுதான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு.

நெபுலா என்றாலே மங்கல், மங்கல் என்றாலே நீண்ட எக்ஸ்போஷர் என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது. கோள் நெபுலாவுக்கு அது பொருந்தாது. மொத்த ஒளியும் ஒரு சின்ன வட்டத்துக்குள் அடங்கியிருப்பதால் அதன் பரப்பு மிகவும் பிரகாசம். ஆறு வருடம் முன்பு நான் 8 அங்குல நியூட்டோனியனில் (கண்ணாடி வைத்த தொலைநோக்கி) 300 விநாடி வீதம் 36 படம் எடுத்தேன். மூன்று மணி நேரம். நிலா இல்லாத, மேகமே இல்லாத ராத்திரி. அந்த வருடம் அப்படி இன்னொன்று எனக்கு அமையவில்லை.

தம்பிகளின் கோப்பு ஒன்றைத் திறந்து கர்சரை நெபுலாவின் நடுவில் வைத்தேன். 65535, அந்தக் கோப்பில் ஒரு பிக்ஸல் காட்டக்கூடிய உச்ச மதிப்பு. பக்கத்துப் பிக்ஸலும் 65535. "அண்ணா, ஸ்டாக் பண்ணும்போது சரி பண்ணிக்கலாம்ல?" என்று கேட்டான் ஒருவன். முடியாது. ஸ்டாக்கிங் என்பது பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுக்கும் சராசரி. எல்லாப் படத்திலும் நிரம்பி வழிந்த பிக்ஸலின் சராசரியும் நிரம்பியதுதான். உள்வளையம், ஓட்டின் விளிம்பு, எதுவும் அந்தக் கோப்பில் பதிவாகவே இல்லை.

ஏன் யாரும் அந்த நேரத்தில் கவனிப்பதில்லை? மென்பொருள் முன்னோட்டத்தை ஸ்ட்ரெட்ச் செய்தே, அதாவது மங்கலானதும் தெரியும்படி வெளிச்சத்தைக் கூட்டியே காட்டுகிறது. அதில் கோள் நெபுலாவின் நடு எப்போதும் வெள்ளையாகத்தான் தெரியும், எரிந்திருந்தாலும் எரியாவிட்டாலும். கண் அந்த வெள்ளைக்குப் பழகிவிடுகிறது. அதனால் முதல் படம் வந்ததும் ஸ்ட்ரெட்சை நிறுத்திவிட்டு எண்ணைப் பாருங்கள். உச்ச மதிப்பில் பாதியைத் தாண்டினால் எக்ஸ்போஷரைக் குறையுங்கள்.

இப்போது நான் நடுப்பகுதிக்கு 10 விநாடியில் நானூறு படம் எடுக்கிறேன். காற்று நிலையாக இருந்த நொடிகளில் விழுந்த கூர்மையான படங்களை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது இன்னொரு லாபம். அப்புறம் மங்கலான வெளிவட்டத்துக்குத் தனியாக நீண்ட எக்ஸ்போஷர். இரண்டையும் மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் அடுக்கு) போட்டு இணைக்க வேண்டும். என்ஜிசி 3242 நமக்கு 59 பாகை உயரம் வரை ஏறுகிறது, லண்டனில் 20-தான். இப்படி ஒரு வாய்ப்பு இருக்கும்போது வெறும் வெள்ளைப் பொட்டோடு மலையிறங்குவது எவ்வளவு வேதனை.

கேமராவைக் கழற்றிய பிறகு ஃப்ளாட் எடுப்பது

ஃப்ளாட் என்பது தூசியின் நிழலை நீக்குவதற்காகச் சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம். கேமராவைக் கழற்றிய பிறகு எடுக்காதீர்கள். தூசியின் நிழல் இடம் மாறியிருக்கும்.

ஃபில்டர் இருந்தால் பௌர்ணமியிலும் எடுக்கலாம் என்பது

ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர், ஹைட்ரஜன் ஆல்ஃபா என்ற சிவப்பு ஒளிக்குச் சரி. இங்கே முக்கிய ஒளி ஆக்ஸிஜனுடையது, 500.7 நானோமீட்டர், நீலப்பச்சை. நிலவொளி சிவப்பைவிட அந்த நீலப் பக்கம்தான் அதிகம் சிதறுகிறது.

பச்சையைத் துடைப்பது

1864-ல் வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு கோள் நெபுலாவின் ஒளியைப் பிரித்தபோது தெரிந்த பச்சைக் கோடு, இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்ஸிஜனுடையது என்று இயற்பியலாளர் ஐரா போவன் விளக்க 1927 ஆனது. படத்தில் பச்சையே கூடாது என்று அதை நீக்கும் கருவியை முழு அளவில் ஓட்டினால் அந்த நீலப்பச்சை செத்துவிடும். நெபுலாவுக்கு மாஸ்க் போட்டு மறைத்துவிட்டு, சுற்றியுள்ள வானத்துக்கு மட்டும் ஓட்டுங்கள்.