ரபியின் சிபாரிசுக் கடிதத்தை வாசிக்கத் தொடங்குவது எப்படி?

ஒரு ஊரில் ரபி, அதாவது யூத மதகுரு, பதவி காலியானால், யூதச் சபையார் பெரிய ரபிகளுக்கு எழுதி நல்ல ஆளாகச் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். 1888-ல் இன்றைய லிதுவேனியாவில் உள்ள வில்னாவிலிருந்து யாக்கோப் ஜோசப்பைத் தலைமை ரபியாக வரவழைத்த நியூயார்க் சபைகளும், அதற்கு முன்பு கோவ்னோ நகரின் ரபி யிட்ஸ்ஹாக் எல்ஹானான் ஸ்பெக்டர் போன்றவர்களிடம் கருத்துக் கேட்டிருந்தன. இப்படிப் போய்வந்த கடிதம் ஒன்றின் ஸ்கேன் உங்கள் கையில் இருக்கிறது, எபிரேய எழுத்துகளும் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்வோம்.

நடுப்பகுதியை இப்போது தொடவே வேண்டாம். முதலில் மேல் ஓரத்தைப் பாருங்கள். நாம் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி அங்கே பெத், ஹே என்று இரண்டு எழுத்துகள் இருக்கும், இறைவன் துணையால் என்று பொருள். என்ன எழுத்து என்று முன்பே தெரிவதால், எழுதியவர் அவற்றை எப்படி வளைக்கிறார் என்று பார்த்து ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அச்செழுத்தும் கையெழுத்தும் நிறைய வேறுபடும் என்பதால் இது ரொம்ப உதவும்.

அடுத்து தேதி. உதாரணத்துக்கு தாவ், ரேஷ், பே, ஹே என்று இருந்து, கடைசி எழுத்துக்கு முன்னால் மேலே இரண்டு சிறு கோடுகள் தெரிந்தால் அது யூத ஆண்டு. எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு: 400, 200, 80, 5, ஆக 685. முழு ஆண்டு 5685, ஐயாயிரத்தை எழுதாமல் விட்டிருப்பார்கள். 685-ஓடு 1240 கூட்டினால் 1925. ஆனால் யூதப் புத்தாண்டு செப்டம்பர் வாக்கில் பிறப்பதால், அதிலிருந்து டிசம்பர் முடிய எழுதிய கடிதத்துக்கு 1239-தான் கூட்ட வேண்டும். கிழமையோடு அந்த வாரம் வாசிக்கும் தோராப் (யூத வேதம்) பகுதியின் பெயரும் இருக்கும். 'மூன்றாம் நாள், நோவா' என்றிருந்தால், வாரம் ஞாயிறில் தொடங்குவதால் அது செவ்வாய். நோவா பகுதி இலையுதிர் காலத்தில் வருவது, ஆகவே 1924 அக்டோபர் 28.

அப்புறம் கீழே இறங்குங்கள். கடிதத்தை உதவியாளர் எழுத, ரபி கையொப்பம் மட்டும் போடுவதும் உண்டு, அதனால் இரண்டு கையெழுத்தும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெயர் புரியாவிட்டால் முத்திரையைப் பாருங்கள், பல முத்திரைகளில் ரஷ்ய அல்லது போலிஷ் எழுத்திலும் ஊரும் பெயரும் இருக்கும்.

இப்போது நடுப்பகுதி. இரட்டைக் கோடு உள்ளவை பெரும்பாலும் சுருக்கங்கள், அவற்றைச் சொல்லாக உச்சரித்துப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். கூர்மதி படைத்தவர், ஆழ்ந்து கற்றவர், இறையச்சம் உள்ளவர் என்ற புகழ்ச்சியெல்லாம் இத்தகைய கடிதங்களில் வழக்கமாக வருவது, அதை வைத்து ஆளை எடைபோட முடியாது. எழுதியவர் அவரை நேரில் அறிவாரா, அவருக்கு ரபிப் பட்டம் கொடுத்தது யார், 'யோரே யோரே' என்ற சடங்குச் சட்டத் தகுதி மட்டுமா அல்லது பண வழக்குகளைத் தீர்க்கும் 'யாதின் யாதின்' தகுதியும் உண்டா, பிரசங்கம் செய்வாரா, பிளவுபட்ட ஊரைச் சமாதானமாக நடத்துவாரா, இவற்றைத் தேடுங்கள். என் கணிப்பில் முக்கியமானது வேண்டுகோள் வரிதான். 'இவரையே நியமியுங்கள்' என்பதற்கும் 'இவருக்கு ஆதரவு காட்டுங்கள்' என்பதற்கும் நிறைய தூரம் உண்டு.

புரியாத சொல்லுக்கு ஊகித்து எதையும் எழுதாதீர்கள். புள்ளி வைத்து இடம் விட்டுவிட்டு, அதே கையெழுத்தில் உள்ள இன்னொரு கடிதத்தைப் படித்தபின் திரும்பி வாருங்கள்.